வீட்டில் படித்து முடித்த பாடப் புத்தகங்கள்: எதை விற்கலாம், என்ன விலைக்கு?

திருவான்மியூர் அம்மா

வணக்கம் தோழமைகளே. பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டுவழிக் கல்வியில் நாங்களே படிக்கவைக்கும் என் மகளுக்கு விரைவில் பதினான்கு வயது முடிகிறது. என்.ஐ.ஓ.எஸ். (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யப் போகிறோம். அந்தப் புத்தகங்களைக் கட்டணத்தோடு சேர்த்து அவர்களே அனுப்புகிறார்கள். அதனால் முதல் வகுப்பிலிருந்து வீட்டில் நாங்கள் பயன்படுத்திய எதுவும் இனி எங்களுக்குத் தேவைப்படாது. வீட்டில் வேறு சின்னப் பிள்ளைகளும் இல்லை.

அலமாரியில் இருப்பவை: சிங்கப்பூர் கணிதம் 1ஏ முதல் 5பி வரை, பாடப் புத்தகமும் பயிற்சிப் புத்தகமும். சாக்ஸன் கணிதம் 7/6. மாண்டிசோரி கற்றல் பொருள்களான இளஞ்சிவப்புக் கோபுரம், எண்ணிப் பழகும் தங்கமணிகள், விரலால் தடவிப் பழகும் மணல்தாள் எழுத்துகள் (தமிழ்). மத்தியப் பாடத்திட்டத்தின் பழைய என்.சி.இ.ஆர்.டி. ஆறாம் வகுப்புப் புத்தகங்கள், சமச்சீர் தமிழ்ப் புத்தகங்கள். பி.டி.எஃப். ஆகக் காசு கொடுத்து வாங்கி, பிரின்ட் எடுத்து ஸ்பைரல் போட்ட அறிவியலும் வரலாறும் ஒரு கட்டு. கதைப் புத்தகங்கள் தனி.

பழைய பேப்பர்காரர் எடைக்குக் கேட்கிறார். மனசு வரவில்லை. ஒவ்வொன்றையும் தேடித் தேடி வாங்கியிருக்கிறோம், இன்னொரு குழந்தை உட்கார்ந்து படித்தால் அவ்வளவு நிம்மதியாக இருக்கும். அதே சமயம், போட்ட பணத்தில் கொஞ்சமாவது திரும்பி வந்தால் தேர்வுக் கட்டணத்துக்கு ஆகும். என்ன விலை சொல்வது, எங்கே விற்பது, எதை விற்கவே கூடாது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கொளத்தூர் அப்பா

அக்கா, விலையைப் பிறகு பார்ப்போம். முதலில் எல்லாவற்றையும் தரையில் பரப்பி, எழுதித் தீர்ந்தவை, எழுதாதவை என்று பிரியுங்கள். வீட்டுவழிக் கல்விப் புத்தகங்களில் மறுவிற்பனை மதிப்பைத் தீர்மானிப்பது இதுதான். அட்டை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், உள்ளே பேனாவால் விடை எழுதிய பயிற்சிப் புத்தகம் அடுத்த குழந்தைக்குப் பயன்படாது. பென்சிலால் எழுதியிருந்தால் அழித்துக் கொடுக்கலாம். ஆனால் அழித்த தடம் தெரியும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சாக்ஸனில் 5/4 முதல் மேலே உள்ள நிலைகளில் பாடப் புத்தகத்தில் எழுதும் வேலையே இல்லை. குழந்தை கணக்கை நோட்டில்தான் போடும். அதனால் உங்கள் 7/6 நன்றாகவே இருக்க வேண்டும். அது தனிப் புத்தகம் அல்ல, மூன்றும் சேர்ந்த கட்டு: மாணவர் புத்தகம், தேர்வுத்தாள்களும் பயிற்சித்தாள்களும் அடங்கிய புத்தகம், தீர்வுகள் புத்தகம். மூன்றும் இருந்தால்தான் பெற்றோர் தைரியமாக வாங்குவார்கள். தீர்வுகள் இல்லாத சாக்ஸன், கால் உடைந்த நாற்காலி மாதிரி. தேர்வுத்தாள் புத்தகம் எழுதித் தீர்ந்திருந்தாலும் மற்ற இரண்டையும் சேர்த்தே கொடுங்கள், விலையைக் குறைத்துக்கொள்ளலாம்.

ஒரு விஷயம் வாங்குகிறவரிடம் அவசியம் சொல்லுங்கள்: சாக்ஸன் அமெரிக்கப் புத்தகம். அங்குலம், அவுன்ஸ், டாலர், சென்ட் எல்லாம் வரும். பிள்ளைக்கு அந்த அளவைகளைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். தெரிந்து வாங்கினால் யாருக்கும் குறை இல்லை. தெரியாமல் வாங்கினால் புத்தகம் மறுபடியும் ஒரு அலமாரியில் தூங்கும்.

சிங்கப்பூர் கணிதத்தில் பதிப்பைப் பார்க்க வேண்டும். யு.எஸ். பதிப்பு, ஸ்டாண்டர்ட்ஸ் பதிப்பு, காமன் கோர் பதிப்பு, 2022 பதிப்பு என்று பல இருக்கின்றன. ஒன்றின் பாடப் புத்தகமும் இன்னொன்றின் பயிற்சிப் புத்தகமும் பொருந்தாது, பெற்றோருக்கான வழிகாட்டியும் அப்படித்தான். பதிப்புரிமைப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். ஐ.எஸ்.பி.என். எண் தெரிந்தால் வாங்குகிறவர் மீதியைத் தேடிப் பார்த்துக்கொள்வார்.

வேளச்சேரி தோழி

நான் கொஞ்சம் வேறு மாதிரி நினைக்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாம் பள்ளியை விட்டு வெளியே வந்ததற்குப் பெரிய காரணமே கல்வி வியாபாரமானதுதான். இப்போது நாமே பழைய புத்தகத்துக்கு விலைப்பட்டியல் போட்டால் எப்படி? புதிதாக வருகிற குடும்பங்கள் பயத்தோடு வருகின்றன. ஒருவர் வேலையை விட்டிருப்பார், வருமானம் பாதியாகியிருக்கும். அவர்கள் கையில் ஒரு மூட்டைப் புத்தகத்தை இலவசமாக வைத்தால் அவர்களுக்கு வரும் தைரியம் வேறு. எங்களுக்கு அப்படித்தான் ஒருவர் கொடுத்தார். நாங்களும் அப்படியே கொடுத்தோம்.

ஆவடி புதியவர்

தோழி சொன்ன அந்தப் புதுக் குடும்பம் நாங்கள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகனுக்கு எட்டு வயது, போன ஆண்டுதான் பள்ளியிலிருந்து நிறுத்தினோம். என் கணவர் ஒருவர் சம்பளம்.

மனம் திறந்து சொல்கிறேன். இலவசமாகக் கொடுக்கிறேன் என்று யாராவது எழுதினால், ஐந்து நிமிடத்தில் பத்துப் பேர் கை தூக்குகிறார்கள். வேலையில் இருக்கிற, கைபேசியைக் கையிலேயே வைத்திருக்கிற ஒருவருக்குத்தான் கிடைக்கிறது. அதில் சிலர் தேவையே இல்லாமல் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். நான் சமையலை முடித்துவிட்டுப் பார்க்கும்போது எல்லாம் போய்விடுகிறது. நியாயமான விலை ஒன்று போட்டிருந்தால், உண்மையாக வேண்டும் என்பவர்தான் கேட்பார். எனக்கும் கேட்கக் கூச்சம் இருக்காது. சும்மா வாங்கும்போது "இந்த இரண்டு பக்கம் கிழிந்திருக்கிறதே" என்று கேட்க முடியுமா? காசு கொடுத்தால் கேட்கலாம்.

இரண்டு தவணையாகக் கொடுக்கலாமா என்று கேட்டால் முகம் சுளிக்காதவர்கள் இருந்தால் போதும்.

கொளத்தூர் அப்பா

தங்கை சொன்னது முழுக்க உண்மை. வேளச்சேரி தோழியின் மனசும் பெரியது. இரண்டையும் சேர்க்க முடியும். எங்கள் பகுதியில் நாங்கள் செய்வது இதுதான்: வெளிநாட்டிலிருந்து வரவழைத்த செட், மாண்டிசோரி பொருள்கள் இவற்றுக்கு விலை. நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் பாடப் புத்தகங்கள், கதைப் புத்தகங்கள் இவை அந்தக் கட்டோடு சும்மா போகும். முடியாதவர் என்று தெரிந்தால் விலையைப் பேசாமலே குறைத்துவிடுவோம். அதை நாலு பேர் நடுவில் பேச வேண்டியதில்லை, தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

விலைக்கு நான் வைத்திருக்கும் அளவு: எழுதாத, பக்கம் உதிராத புத்தகம் என்றால், இன்று அதே புத்தகத்தைப் புதிதாக வாங்கினால் ஆகும் செலவில் பாதி. நீங்கள் அன்று என்ன கொடுத்தீர்கள் என்பது கணக்கில் வராது. டாலர் ஏறியிருக்கிறது, 2019 பட்ஜெட்டுக்குப் பிறகு இறக்குமதிப் புத்தகத்துக்கு 5 சதவீதச் சுங்கமும் உண்டு. அதனால் சில சமயம் பழைய புத்தகத்துக்கே நீங்கள் கொடுத்த விலை நியாயமாகத் தெரியும். அப்படி வந்தாலும் கொஞ்சம் இறங்கியே சொல்லுங்கள், நம் நோக்கம் லாபம் இல்லையே. ஒருவேளை இந்தியப் பதிப்பு வந்துவிட்டால் வாங்குகிறவர் அதோடுதான் ஒப்பிடுவார், அப்போது பாதி விலையும் அதிகம். அட்டை மடிந்து, அங்கங்கே பென்சில் கோடு இருந்தால் மூன்றில் ஒரு பங்கு. அதற்குக் கீழே என்றால் விலை போடாமல் கட்டோடு சேர்த்துவிடுவேன்.

சட்டம் படித்தவள்

திருவான்மியூர் அக்கா, அந்த ஸ்பைரல் கட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். அதை விற்காதீர்கள்.

அச்சுப் புத்தகம் வேறு, பி.டி.எஃப். வேறு. கடையில் வாங்கிய அச்சுப் புத்தகத்தை நீங்கள் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, பிரதிகளைப் பொதுமக்களுக்கு வெளியிடும் உரிமையை ஆசிரியருக்குத் தருகிறது. ஆனால் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் பிரதிகளை அதில் சேர்க்கவில்லை. மயிலாப்பூர் நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவர் எந்தக் குற்றமும் செய்யாததற்கு இதுதான் காரணம்.

பி.டி.எஃப். வாங்கும்போது நீங்கள் வாங்குவது பெரும்பாலும் "ஒரு குடும்பத்துக்கு மட்டும்" என்ற உரிமம். முதல் பக்கத்திலோ கடைசிப் பக்கத்திலோ அந்த நிபந்தனை இருக்கும், படித்துப் பாருங்கள். உங்கள் பிள்ளைக்கு எத்தனை பிரதி எடுத்தாலும் சிலர் அனுமதிப்பார்கள், அடுத்தவருக்குக் கோப்பை அனுப்ப அனுமதிக்க மாட்டார்கள். பென்டிரைவில் போட்டு நூறு ரூபாய்க்கு விற்பதும் நடக்கிறது. இந்தப் பாடங்களை எழுதுகிறவர்களில் பலர் நம்மைப் போலவே வீட்டில் பிள்ளையை வைத்துப் படிக்கவைக்கும் அம்மாக்கள். அந்த வருமானத்தில்தான் அடுத்த பாடத்தை எழுதுகிறார்கள். அதைக் கெடுக்க வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

சில வெளியீட்டாளர்கள், மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டால் உரிமத்தை மாற்றித் தர ஒப்புக்கொள்வார்கள். நீங்கள் உங்கள் கோப்பை அழித்துவிட வேண்டும், அவ்வளவுதான். கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

இன்னொன்று. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழக அரசு தரும் விலையில்லாப் பாடநூல்கள் சில சமயம் நம் கைக்கு வந்துவிடும், அக்கம்பக்கத்துப் பிள்ளை படித்து முடித்தது என்று. அவற்றுக்கு ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. கொடுப்பதென்றால் சும்மா கொடுங்கள்.

திருவான்மியூர் அம்மா

நன்றி தோழி, நல்ல வேளை சொன்னீர்கள். எடுத்துப் பார்த்தேன், அறிவியலில் "ஒரே குடும்பம்" என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. அந்தக் கட்டு எங்களிடமே இருக்கட்டும். பின்பக்கம் காலியாக இருக்கும் தாள்களைக் கணக்குப் போட வைத்துக்கொள்வோம்.

என்.சி.இ.ஆர்.டி.க்கும் சமச்சீருக்கும் ஏதாவது மதிப்பு உண்டா?

அண்ணா நகர் அம்மா

விற்பனை மதிப்பு மிகக் குறைவு. இரண்டுமே இணையத்தில் இலவசமாக பி.டி.எஃப். ஆகக் கிடைக்கின்றன. பாடப் புத்தகமும் மாறிக்கொண்டே இருக்கிறது. என்.சி.இ.ஆர்.டி.யில் 1, 2 வகுப்புகளுக்கு 2023இல் புதுப் புத்தகம் வந்தது. 3, 6 வகுப்புகளுக்கு 2024இல், 4, 5, 7, 8 வகுப்புகளுக்கு 2025இல். உங்களிடம் இருக்கும் ஆறாம் வகுப்புப் புத்தகம் அதற்கு முந்தையது என்றால் பள்ளிப் பிள்ளைக்கு உதவாது. வீட்டில் படிக்கும் பிள்ளைக்குத் தாராளமாக உதவும், பழைய வரலாற்றுப் புத்தகத்தைத் தேடி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அதை விலை சொல்லி விற்க நினைக்க வேண்டாம், வேண்டும் என்பவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

சமச்சீரும் அப்படித்தான். 2018-19இல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்குப் புதுப் புத்தகம் வந்தது, மற்ற வகுப்புகளுக்கு அடுத்த ஆண்டு. அதற்கு முந்தைய பதிப்பா என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள். தமிழ்ப் பாடநூல் மட்டும் எந்தப் பதிப்பாக இருந்தாலும் வைத்துக்கொள்ளும்படி சொல்வேன். தமிழ்நாட்டுக்கு வெளியே வளரும் நம் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி அது. பெங்களூரிலும் புனேயிலும் இருக்கும் குடும்பங்கள் ஆசையாகக் கேட்டு வாங்குகின்றன.

என் பங்குக்கு ஒன்று சொல்ல வேண்டும், ஐ.ஜி.சி.எஸ்.இ. (கேம்பிரிட்ஜின் பத்தாம் வகுப்பு நிலைத் தேர்வு) புத்தகம் விற்கிற, வாங்குகிற எல்லோருக்கும். தனித்தேர்வராக எழுதும் பிள்ளைகள் நம்மிடம் கூடிக்கொண்டே வருகிறார்கள். அந்தப் புத்தகங்கள் விலை அதிகம், ஆகவே பழையது தேடுகிறார்கள். அதில் தேர்வு ஆண்டு மிக முக்கியம். கேம்பிரிட்ஜ் கணிதம் 0580 பாடத்திட்டம் 2025 தேர்விலிருந்து மாறிவிட்டது. கால்குலேட்டர் இல்லாமல் எழுதும் ஒரு தாள் தனியாக வந்திருக்கிறது. அதற்கு முந்தைய பாடத்திட்டத்துக்கு எழுதிய புத்தகத்தை "ஐ.ஜி.சி.எஸ்.இ. கணிதம், நல்ல நிலையில்" என்று மட்டும் போட்டு விற்பது நியாயம் இல்லை. அட்டையில் எந்தத் தேர்வு ஆண்டுகள் என்று போட்டிருக்கும், அல்லது உள்ளே முன்னுரையில் இருக்கும். அந்த ஆண்டை விளம்பரத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். அடிப்படைக் கணிதம் மாறவில்லை, பழைய புத்தகத்தில் பயிற்சி எடுக்கலாம், ஆனால் பாதி விலை கேட்க முடியாது. பழைய வினாத்தாள் கட்டுகளுக்கும் இதே கதிதான்.

மயிலை வாசகர்

நான் வீட்டுவழிக் கல்விக்காரன் அல்ல, பேத்திக்காக இங்கே எட்டிப் பார்ப்பவன். "எங்கே விற்பது" என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

சென்னையில் பழைய புத்தகம் என்றால் ஒரு காலத்தில் மூர் மார்க்கெட். 1985 மே மாதத் தீயில் அது போய்விட்டது. இப்போது அந்த இடத்தில் ஆவடி, அரக்கோணம் பக்கம் போகும் ரயில்கள் புறப்படுகின்றன. அங்கே இருந்த கடைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். பாடப் புத்தகம், போட்டித் தேர்வு, பொறியியல், மருத்துவம் என்றால் இன்றும் அங்கே போகலாம். லஸ், திருவல்லிக்கேணி நடைபாதைகளிலும் உண்டு.

ஆனால் இந்த வெளிநாட்டு ஹோம்ஸ்கூல் புத்தகங்களை அவர்களிடம் கொண்டுபோனால் நல்ல விலை கிடைக்காது. அது அவர்கள் குற்றம் இல்லை. அந்தப் புத்தகம் எப்போது விலை போகும், யார் கேட்பார் என்று அவர்களுக்குத் தெரியாது. மாதக்கணக்கில் இடத்தை அடைத்துக்கொண்டு இருக்கும். அதனால் மிகக் குறைத்துத்தான் எடுப்பார்கள், செட்டைப் பிரித்தும் போடுவார்கள். கதைப் புத்தகம், அகராதி, அட்லஸ் இவற்றை அவர்களிடம் கொடுங்கள், அவை நடைபாதையிலிருந்து சரியான கைக்குப் போய்ச் சேரும். பாடச் செட்டுகளை உங்களைப் போன்ற பெற்றோருக்குள்ளேயே கைமாற்றுங்கள். தெரிந்த கைக்குப் போனால்தான் அது முழுசாகப் போகும்.

நங்கநல்லூர் மாண்டிசோரி

அக்கா, உங்கள் மணல்தாள் தமிழ் எழுத்துகள் முழு செட்டா? உயிர் 12, மெய் 18, ஆய்தம் எல்லாம் இருக்கிறதா? ஆங்கிலச் செட் எங்கே பார்த்தாலும் கிடைக்கிறது, தமிழ்ச் செட் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதற்கு விலையைக் குறைக்காதீர்கள்.

மாண்டிசோரி அம்மையார் 1939இல் அடையாற்றுக்கு, தியசாபிகல் சொசைட்டியின் அழைப்பில் வந்து பயிற்சி நடத்திய ஊர் இது. அவர் பாடம் சொன்ன இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு நம் எழுத்துக்குப் பொருள் தேடி அலைகிறோம் என்பது எனக்கு உள்ளபடியே வருத்தம். யாரிடமாவது தமிழ்ச் செட் இருந்தால் தயவு செய்து பரணில் போடாதீர்கள். மணல்தாள் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை, புதுத் தாள் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம்.

இளஞ்சிவப்புக் கோபுரத்தில் 10 கனசதுரங்கள், 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை. விற்கும்போது பத்தையும் அடுக்கிப் படம் எடுங்கள். பெரும்பாலும் காணாமல் போவது அந்த 1 செ.மீ. கட்டைதான். அது இல்லாவிட்டால் கோபுரத்தின் நோக்கமே போய்விடுகிறது, ஒவ்வொரு கட்டையும் ஒரே அளவு கூடிக்கொண்டு போவதைக் கண்ணும் கையும் உணர வேண்டும். தச்சரிடம் சொல்லி அந்த ஒன்றை மட்டும் செய்துகொள்ளலாம், ஆனால் நிறம் சேராது. விற்பவர் செய்து சேர்த்திருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும்.

தங்கமணிகளில் ஒற்றை மணி, பத்துக் கம்பி, நூறு சதுரம், ஆயிரம் கனம் என்று எத்தனை எத்தனை என எண்ணிப் போடுங்கள். கம்பி தளர்ந்திருக்கிறதா பாருங்கள். மரப் பொருள் என்றால் பீச் மரமா, ரப்பர் மரமா, மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையா என்று கேட்பார்கள். எம்.டி.எஃப். என்றால் மழைக்காலத்தில் ஊதிப்போயிருக்கும், ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு விலை சொல்லுங்கள்.

திருவான்மியூர் அம்மா

தமிழ் எழுத்து முழுச் செட், தங்கை. எண்ணிப் பார்த்துவிட்டேன். கோபுரமும் பத்தும் இருக்கிறது. கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு, அதனால் காற்றில் ஈரம் அதிகம். சில புத்தகங்களில் ஓரத்தில் பழுப்புப் புள்ளி வந்திருக்கிறது, ஒன்றிரண்டில் பூச்சி அரித்த தடம். இதை எப்படிச் சரிசெய்வது?

மயிலை வாசகர்

பழுப்புப் புள்ளி போகாதம்மா, அதை அப்படியே படம் எடுத்துக் காட்டிவிடுங்கள். பூச்சிதான் கவலை. ராமபாணப் பூச்சி ஒரு புத்தகத்தில் இருந்தால் வாங்குகிறவர் வீட்டு அலமாரி முழுக்கப் போகும். ஒவ்வொரு புத்தகத்தையும் விரித்து நிழலில், நல்ல காற்றில் வையுங்கள், உச்சிவெயில் வேண்டாம், தாள் மஞ்சளடித்து அட்டை வளையும். உலர்ந்த பிரஷ்ஷால் முதுகுப் பகுதியைத் தட்டி எடுங்கள். பிறகு தனிப் பெட்டியில் சில நாள் வைத்துப் புதுத் தூள் விழுகிறதா பாருங்கள். அந்துருண்டை போடாதீர்கள், அந்த வாடை தாளைவிட்டு இறங்காது. சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் அது வாயில் போனால் ஆபத்தும்கூட. சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் விற்றுவிடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்து வீடுகளில் எத்தனை புத்தக அலமாரி போயிற்று என்று இந்த ஊருக்குத் தெரியும்.

கோவை தோழி

சென்னைக்கு வெளியே இருக்கும் எங்களையும் மறக்காதீர்கள்! கோவை, மதுரை, திருச்சியில் இருப்பவர்களுக்குப் பழைய செட் கிடைப்பது இன்னும் கஷ்டம். விற்பவர்கள் "அனுப்ப முடியாது, நேரில் மட்டும்" என்று போட்டுவிடுகிறார்கள். கூரியர் செலவு பயம்தான் காரணம் என்று தெரியும்.

தபால் துறையில் 2025 மே மாதம் முதல் ஞான் போஸ்ட் என்று ஒன்று வந்திருக்கிறது, புத்தகத்துக்கும் அச்சிட்ட கல்விப் பொருளுக்கும் மட்டும். 300 கிராம் வரை 20 ரூபாய், அதிகபட்சம் 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. எண் வைத்துப் பின்தொடரலாம். தரைவழியாகப் போவதால் கொஞ்சம் நாள் ஆகும், அவசரம் இல்லாதவருக்கு அருமை. முன்பு இருந்த பதிவுப் புத்தகத் தபாலை 2024 டிசம்பரில் நிறுத்தியபோது நாங்கள் தவித்துப் போனோம், இது வந்தது பெரிய ஆறுதல். புத்தகத்தில் அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் இருக்க வேண்டும், உள்ளே வியாபார விளம்பரத் தாள் எதுவும் இருக்கக் கூடாது. மேலே ஞான் போஸ்ட் என்று எழுதிவிடுங்கள். மரப் பொருள், மணிகள் இதில் போகாது, அவற்றுக்குக் கூரியரோ பஸ் பார்சலோதான்.

5 கிலோ தாண்டினால் இரண்டு கட்டாகப் பிரியுங்கள். பாடப் புத்தகமும் அதன் பயிற்சிப் புத்தகமும் ஒரே கட்டில் இருக்கட்டும். ஒன்று தாமதமானாலும் இன்னொன்றை வைத்துப் பாடத்தைத் தொடங்கலாம்.

தாம்பரம் அப்பா

பண விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பொது விற்பனைத் தளத்தில் போட்டீர்கள் என்றால், உடனே ஒருவர் அழைத்து, விலை பேசாமல் "முழுப் பணமும் இப்போதே அனுப்புகிறேன்" என்பார். ராணுவத்தில் இருப்பதாகச் சொல்வார், வேறு ஊருக்கு மாற்றல் என்பார். பிறகு ஒரு கியூ.ஆர். குறியீடு அனுப்பி, ஸ்கேன் செய்து பின் எண் போட்டால் பணம் வரும் என்பார். என் உறவினர் ஒருவரிடம் இப்படித்தான் பேசினார்கள். பணம் பெறுவதற்கு பின் எண் போடவே தேவையில்லை. போட்டால் பணம் உங்களிடமிருந்துதான் போகும். புத்தகம் விற்கும் அம்மாக்கள் பலர் யூ.பி.ஐ.யை இதற்காகவே முதல்முறை பயன்படுத்துகிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

தெரிந்தவர் மூலம் விற்பதே பாதுகாப்பு. நேரில் கொடுப்பதென்றால் வீட்டுக்கு அழைக்காமல் மெட்ரோ நிலையம், நூலகம் மாதிரி ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் சந்தியுங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் எனக்குப் பிடித்த இடம், பிள்ளைகளையும் அழைத்துப் போனால் அவர்களுக்கும் அங்கே வேலை இருக்கும்.

வேளச்சேரி தோழி

எல்லாவற்றையும் படித்தேன். ஆவடித் தங்கை எழுதியது என்னை யோசிக்க வைத்தது. கை தூக்கும் போட்டியில் ஓரமாக நிற்பவர்களை நான் நினைத்துப் பார்க்கவில்லை. ஆனாலும் ஒன்றில் நான் மாற மாட்டேன்: எழுதித் தீர்த்த, பாதி கிழிந்த பயிற்சிப் புத்தகத்துக்கு விலை போட வேண்டாம். அதை வாங்குகிறவர் கடைசியில் புதிதும் வாங்க வேண்டிவரும், இரட்டைச் செலவு.

கொளத்தூர் அப்பா

அதில் நான் முழுக்க உங்கள் பக்கம்.

ஆவடி புதியவர்

திருவான்மியூர் அக்கா, சிங்கப்பூர் 3ஏ, 3பி எனக்கு வேண்டும். விலை நீங்கள் சொல்வதுதான். மகன் மூன்றாம் வகுப்பு வயது, அதனால் 3 தானே சரி?

திருவான்மியூர் அம்மா

தங்கை, வகுப்பு எண்ணை வைத்து முடிவு செய்யாதே. சிங்கப்பூர் கணிதம் கொஞ்சம் முன்னால் ஓடும், பள்ளியில் மூன்றாவது முடித்த பிள்ளைகூட 2பி-யில் தொடங்க வேண்டிவரும். நிலையறியும் தேர்வு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் 2பி-யின் தேர்வை எழுதவை. அதைத் தடுமாறாமல் போட்டால் 3ஏ எடுத்துக்கொள். தடுமாறினால் 2பி-யிலிருந்து தருகிறேன். அவசரமில்லை, உனக்காக எடுத்து வைக்கிறேன்.

பயிற்சிப் புத்தகங்களில் 3பி முழுக்க எழுதியாகிவிட்டது, அதற்குப் பணம் வேண்டாம், அதைத் தரவும் மாட்டேன், நீ புதிது ஒன்று வாங்கிக்கொள். 3ஏ-யில் முதல் சில பாடங்கள் மட்டும் பென்சிலில் எழுதியிருக்கிறது, அழித்துத் தருகிறேன். பாடப் புத்தகங்கள் இரண்டும் சுத்தம். பதிப்புரிமைப் பக்கத்தைத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன், நான்கும் ஒரே பதிப்பு. தவணை உன் வசதிப்படி.

நங்கநல்லூர்த் தங்கைக்குத் தமிழ் எழுத்துச் செட் என்று முடிவாகிவிட்டது. கோபுரமும் மணிகளும் இன்னும் இருக்கின்றன, யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள். சாக்ஸன் 7/6 மூன்றும் உண்டு, தேர்வுத்தாள் மட்டும் எழுதியது. சமச்சீர் தமிழ்ப் புத்தகங்கள் வெளியூரில் இருப்பவருக்கு, தபால் செலவு மட்டும் கொடுத்தால் போதும்.

ஆவடி புதியவர்

இன்று மாலையே தேர்வு எழுதவைக்கிறேன் அக்கா. எதுவானாலும் கோட்டூர்புரம் நூலகத்தில் வந்து வாங்கிக்கொள்கிறேன். சென்ட்ரலில் இறங்கி எதிரே பூங்கா நகரிலிருந்து பறக்கும் ரயில் பிடித்தால் நேராக வந்துவிடலாம். மகனையும் அழைத்து வருகிறேன், சனிக்கிழமை காலை உங்களுக்குச் சரிப்படுமா?

திருவான்மியூர் அம்மா

சனிக்கிழமை பதினோரு மணிக்கு, குழந்தைகள் பிரிவு வாசலில். பெரிய பையாகக் கொண்டு வா, கதைப் புத்தகங்களிலிருந்து அவனுக்குப் பிடித்ததை அவனே எடுத்துக்கொள்ளட்டும்.